வெள்ளத்துக்குப் பின் இன்சூரன்ஸ் பணத்தில் போட்ட பூச்சு உதிருது, தரை இறங்குது. காண்ட்ராக்டரை என்ன செய்ய?

ஆத்தங்கரை வீடு எழுதியது:

வீடு நெல்லை சிந்துபூந்துறை பக்கம். தரைத்தளம் மட்டும், 850 சதுர அடி, செங்கல் சுவர், தொண்ணூறுகளில் கட்டினது. ஆத்துத் தண்ணி உள்ளே மூணரை அடி நின்னு வடிஞ்சுது. பாரத் கிருஹ ரக்ஷாங்கிற வீட்டு இன்சூரன்ஸ் பாலிசி இருக்கு. சேதத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் பாத்துட்டுக் கட்டடத்துக்கு 4,10,000 ரூபாய் போட்டார். 2,50,000 வந்தாச்சு, மீதி 1,60,000 வேலை முடிஞ்ச பில்லும் போட்டோவும் கொடுத்த பிறகுதான். காண்ட்ராக்டரிடம் மெட்டீரியலோட 3,80,000-க்குப் பேச்சு, கொடுத்தது 2,60,000. வேலை முடிஞ்சு நாலு மாசம் ஆகுது.

இப்ப உள்ள நிலைமை:

ஹால், ரெண்டு ரூம் உள்சுவரில் 4 அடி உயரத்துக்குப் பழைய பூச்சை உடைச்சுப் புதுசு போட்டது, மொத்தம் 600 சதுர அடி. விரலால் தேய்ச்சா மணலாக் கொட்டுது. கீழே வெள்ளையா உப்பு பூத்து, பட்டி பொரிஞ்சு விழுது. புதுப்பூச்சும் பழசும் சேருற இடத்தில் சுவர் நீளத்துக்கு ஒரு விரிசல்.

ஹாலில் 12 டைல் தட்டினா டொக்குன்னு கேக்கு. தென்மேற்கு மூலையில் தரை ஒரு இஞ்சு இறங்கிட்டு.

ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற ஸ்விட்ச்) அடிக்கடி விழுந்துது. அவர் கூட்டிட்டு வந்த ஆள் அதைக் கழட்டி நேரா கொடுத்துட்டுப் போயிட்டார்.

காண்ட்ராக்டர் சொல்லுறது: "சுவரில் ஈரம், நான் என்ன செய்ய? மீதி 1,20,000 கொடுங்க, சரி பண்ணித் தாரேன்." கூடவே, 4,60,000-க்கு பில் போட்டுத் தாரேன், இன்சூரன்ஸில் கூட வாங்கிக்கலாம் என்கிறார். இந்தப் பூச்சுக்கு மறுபடி க்ளெய்ம் போட முடியுமா? வேற ஆளை வச்சுச் செஞ்சிரலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


மட்டக்கோல் எழுதியது:

அண்ணாச்சி, சுவரில் இருப்பது ஒரு குறை இல்லை, மூணு. மணலாகக் கொட்டுவது சிமெண்ட் குறைந்ததால் அல்லது தண்ணீர் தெளிக்காததால். உப்பு பூப்பது சுவர் காயும் முன்னே பூசிப் பட்டியும் போட்டதால். நீட்டு விரிசல், பழசும் புதுசும் சேரும் இடத்தில் கோழிவலை வைக்காததால். "எல்லாம் ஈரம்தான்" என்று ஒரே பதிலில் மூணையும் முடிக்கப் பார்ப்பார், விடாதீர்கள். ஈரத்தால் உப்பு வரும், பட்டி கழலும். சரியான கலவையில் போட்டுத் தண்ணீர் காட்டிய பூச்சு, நாலு மாசம் கழித்து விரலுக்கு மணலாக வராது.

முதலில் கீறிப் பாருங்கள். இரண்டு இஞ்சு ஆணியை நடுத்தரமாக அழுத்தி ஒரு அடி நீளம் இழுங்கள். 1:4, 1:5 கலவையில் (ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு, ஐந்து பங்கு மணல்) வெளிறிய கோடு மட்டும் விழும். பள்ளம் விழுந்து மணல் சரிந்தால் கலவை மோசம். ஒரே இடத்தில் பார்த்து முடிவு கட்டாதீர்கள். தரையிலிருந்து ஒரு அடி, இரண்டரை அடி, மூன்றரை அடி என்று ஒவ்வொரு சுவரிலும் மூணு உயரத்தில் கீறுங்கள். கீழே மட்டும் கொட்டினால் உப்பின் வேலையாகவும் இருக்கலாம். மேல்வரை ஒரே மாதிரி கொட்டினால் ஈரத்தின் மேல் பழி போட முடியாது.

அடுத்தது சிமெண்ட் கணக்கு. 12 மி.மீ. கனத்தில் 1:4 பூச்சுக்கு 100 சதுர அடிக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை போகும். இது செங்கல் இடுக்கு நிரப்புவதும் சேதாரமும் சேர்த்து. உங்கள் மாதிரி பழைய பூச்சை உடைத்த சுவரில் கனம் 15 மி.மீ.க்குக் குறையாது. அப்படியானால் 600 சதுர அடிக்கு 1:4 என்றால் ஏழு முதல் ஏழரை மூட்டை, 1:5 என்றால் ஆறு. பூச்சுக்கு வந்தது நாலு மூட்டைதான் என்று தெரிந்தால் கலவை 1:8-க்குப் போயிருக்கிறது. சிமெண்ட் கடைச் சீட்டு, வண்டி இறக்கிய அன்று எடுத்த போட்டோ, காண்ட்ராக்டர் அனுப்பிய வாட்ஸப் செய்தி எல்லாவற்றையும் தேடுங்கள். வாய்ச்சண்டையைவிட இந்த ஒரு எண் அதிகம் பேசும்.

கலவை சரியாக இருந்தும் கெடுவது ஒன்று உண்டு. காலையில் மொத்தமாகக் குழைத்து வைத்துவிட்டு, சாப்பாட்டுக்குப் பின் இறுகியதில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கிண்டிப் பூசுவது. சிமெண்ட் இறுக ஆரம்பித்த பிறகு கலைத்தால் பலம் போய்விடும். இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி பிபிசி, அதாவது சாம்பல் கலந்த சிமெண்ட். அதற்குப் பத்து நாளாவது ஈரம் காட்ட வேண்டும். நம்ம ஊர் வெயிலிலும், ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றிலும் காலை ஒரு தடவை மட்டும் தெளித்தால் மத்தியானத்துக்குள் சுவர் உலர்ந்துவிடும். ஜன்னலுக்குச் சாக்கு கட்டி, நாளைக்கு மூணு தடவை தெளிக்கணும்.

ஈரம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க: ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் துண்டை, பட்டி உதிர்ந்த இடத்தில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். சாயங்காலம் ஒட்டினால் மறுநாள் மத்தியானம் பாருங்கள். சுவர்ப் பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் இருந்தால் சுவர் இன்னும் உள்ளே குடித்த தண்ணீரை விட்டுக்கொண்டு இருக்கிறது. அந்த நிலையில் யார் வந்து பட்டி போட்டாலும் நிற்காது. "ஈரம் நிற்க கெமிக்கல் அடிக்கலாம்" என்று சதுர அடிக்கு ஒரு ரேட் சொல்வார்கள். உள்பக்கம் அடைத்தால் ஈரம் மேலே ஏறும், நாலு அடியில் இருந்த கறை ஆறு அடியில் நிற்கும்.

தரை விஷயம் வேறு. மூலையில் ஒரு டைலை எடுத்துவிட்டு 12 மி.மீ. கம்பியைக் கையால் குத்துங்கள். அரை அடிக்கு மேல் சுலபமாக இறங்கினால் அடி மண் போயிருக்கிறது. அந்தக் காலத்து வீடுகளில் அஸ்திவாரத்துக்குள் மணலைக் கொட்டி, அதன் மேல் நேரே தரை போட்டிருப்பார்கள். வெள்ளம் வடியும்போது மணலையும் இழுத்துக்கொண்டு போகும். இது காண்ட்ராக்டர் குற்றமா, வெள்ளத்தின் சேதமா என்பதைப் பிரித்துப் பார்க்கணும். டைல் மட்டும் டொக்கென்று கேட்டு, கீழே கெட்டியாக இருந்தால் அது அவர் வேலை: கலவையை முழுக்கப் பரப்பாமல் ஐந்து பொட்டு வைத்து ஒட்டியிருப்பார்.


பாலிசி படிச்சவன் எழுதியது:

மட்டக்கோல் கடைசியில் சொன்னதில்தான் உங்கள் க்ளெய்ம் இருக்கிறது. பூச்சு மோசம் என்று இன்சூரன்ஸில் கேட்க முடியாது. பாலிசி வெள்ளத்துக்குப் பணம் தரும், கொத்தனாரின் கைக்குத் தராது. ஆனால் தரைக்குக் கீழே மணல் அரித்துப் போனது அதே வெள்ளத்தின் சேதம். சர்வேயர் வந்த அன்று அது கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். க்ளெய்ம் இன்னும் மூடவில்லை என்பதால், அதே க்ளெய்ம் நம்பரைக் குறிப்பிட்டு "பின்னால் தெரியவந்த சேதம்" என்று உடனே எழுதுங்கள். மறு பார்வைக்கு ஆள் அனுப்பச் சொல்லுங்கள். அவர்கள் பார்த்துப் போட்டோ எடுக்கும் வரை தரையைத் தோண்டாதீர்கள். தோண்டிச் சரி செய்துவிட்டுப் பில்லை மட்டும் நீட்டினால், எந்தப் பள்ளம், எந்த மணல் என்று கேட்பார்கள்.

4,60,000 பில்லைத் தொடவே தொடாதீர்கள். வீட்டைப் பழுது பார்க்கும் க்ளெய்மில் அனுமதித்த தொகை, உண்மையில் செலவான தொகை, இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. செலவாகாததை ஆனதாகக் காட்டினால் அது மோசடி. முழு க்ளெய்மும் போகும், வந்த 2,50,000-ஐயும் திருப்பிக் கேட்கலாம். பில்லில் கையெழுத்து அவருடையது, க்ளெய்ம் படிவத்தில் கையெழுத்து உங்களுடையது. முதலில் மாட்டுவது நீங்கள். பணத்தை நேரே அவர் கணக்குக்கு அனுப்பச் சொல்லும் அதிகாரக் கடிதம் எதையாவது நீட்டினாலும் இதே பதில்தான்.

மீதி 1,60,000-க்குப் பில் கொடுக்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று. சர்வேயர் பார்ப்பது எஸ்டிமேட்டில் இருந்த வேலை நடந்ததா, செலவு ஆனதா என்பதை. தரத்துக்கு அவர் சான்று தருவதில்லை. ஆனால் "வேலை திருப்தியாக முடிந்தது" என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால், நாளைக்குக் காண்ட்ராக்டர் மேல் வழக்குப் போட்டால் அந்தக் கடிதத்தை அவர் வக்கீல் தேடிப் பிடித்து வருவார். "இன்ன வேலைகள் நடந்தன, இவ்வளவு கொடுத்திருக்கிறேன், இவ்வளவு பாக்கி, குறைகளின் பட்டியல் இணைப்பு" என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

உங்கள் பாலிசி 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாக் கம்பெனியும் ஒரே வாசகத்தில் தரும் திட்டம். அதில் பலர் கேட்காமல் விடுகிற இரண்டு உண்டு: இடிபாடு அகற்றும் செலவு க்ளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரை; ஆர்க்கிடெக்ட், பொறியாளர் கட்டணம் 5 சதவீதம் வரை. உடைத்த பூச்சை டிராக்டரில் ஏற்றிப் போட்டதற்கும், இனி வரப்போகும் பொறியாளருக்கும் ரசீது வாங்கி வையுங்கள். ஜி.எஸ்.டி.யும் வரி போட்ட பில் இருந்தால்தான் கேட்க முடியும். காண்ட்ராக்டர் பதிவு இல்லாதவர் என்றால் வரியே வராது, வெறும் பில் போதும்.

சர்வேயர் அறிக்கையின் நகலை எழுதிக் கேட்டு வாங்குங்கள். காண்ட்ராக்டர் சண்டைக்கும் அது உதவும். எந்தச் சுவர், எத்தனை சதுர அடி, என்ன கலவை என்று அதில் இருக்கும். முழுத் தீர்வு என்று போட்ட வவுச்சரில் இப்போதே கையெழுத்துப் போடாதீர்கள். தரை விஷயம் பாக்கி இருக்கிறது. போட்டுவிட்டவர்களும் பயப்பட வேண்டாம், அந்த வவுச்சரைக் காட்டி வழக்குப் போடும் உரிமையைப் பறிக்கக் கூடாது என்று 2015 செப்டம்பரில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

கம்பெனி இழுத்தடித்தால் முதலில் அவர்களுடைய குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்து. ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர். 50 லட்சம் வரை கேட்பார், கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க அனுமதியும் கிடையாது. காண்ட்ராக்டரைப் பற்றி அங்கே எழுதிப் பிரயோசனம் இல்லை.


டவுன் வயர்மேன் எழுதியது:

பூச்சு கெடக்கட்டும் அண்ணாச்சி, முதல்ல கரண்டைப் பாருங்க. ஆர்சிசிபி விழுதுன்னா எங்கயோ கரண்டு கசியுதுன்னு அது சொல்லுது. சொல்லுதவன் வாயப் பொத்திட்டுப் போயிருக்கான் அந்தாளு. ஈரச் சுவரு, தண்ணி நின்ன வயரு, ஆர்சிசிபி இல்ல. பிள்ளைகள் இருக்க வீட்டில இது ஒரு நாள் கூட இருக்கக் கூடாது.

மெயினை ஆஃப் பண்ணிட்டு, எல்லா லோடையும் பிடுங்கிட்டு, 500 வோல்ட் மெக்கர் (வயர் இன்சுலேஷனைச் சோதிக்குற மீட்டர்) வச்சு ஒவ்வொரு சர்க்கியூட்டா பாக்கச் சொல்லுங்க. ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த், ஃபேஸ்–நியூட்ரல். 1 மெகோமுக்குக் கீழ காட்டுற சர்க்கியூட்ல வயரை மாத்தணும். நியூட்ரல்–எர்த் பாக்காம விட்டுருவாங்க, பாதி டிரிப்பு அங்கனதான். எதைச் சோதிச்சது, என்ன ரீடிங், என்ன தேதின்னு தாள்ல எழுதிக் கையெழுத்து வாங்குங்க. லைசன்ஸ் உள்ள ஆளா இருக்கணும்.

தண்ணிக்குள்ள முங்கின எம்சிபி (ஓவர்லோடுல விழுத ஸ்விட்ச்), ஆர்சிசிபி, ஸ்விட்ச், சாக்கெட் எதையும் காய வச்சு மாட்டக் கூடாது. உள்ள சேறு போயிருக்கும், விழ வேண்டிய நேரத்துல விழாது. உங்க எஸ்டிமேட்டுல "ஸ்விட்ச் போர்டு மாற்றம்"னு பணம் வாங்கியிருந்தா, ஒரு போர்டைக் கழட்டிப் பாருங்க. முன் தட்டு மட்டும் புதுசு, உள்ள டப்பா துருப்பிடிச்ச பழசு, வயர் முனை பச்சை பூத்திருக்குன்னா மாத்தவே இல்லன்னு அர்த்தம். போட்டோ எடுத்துட்டு மாட்டுங்க. புதுசா போடுத சாக்கெட்டைத் தரையில இருந்து நாலரை அடிக்கு மேல ஏத்திக்கிடுங்க, அந்தக் கூடுதல் செலவு உங்களது, இன்சூரன்ஸ்காரன் தரமாட்டான்.

ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர். 100, 300 எல்லாம் தீ விபத்துக்கு, ஆளுக்கு இல்ல. மாட்டின பிறகு டெஸ்ட் பட்டனை அமுக்கி விழுதான்னு பாருங்க.


மேலப்பாளையம் பில்டர் எழுதியது:

எல்லாரும் ஒரே பக்கம் அடிக்கிறதால இந்தப் பக்கத்தையும் சொல்றேன். கோபப்பட வேண்டாம்.

4 அடிக்கு மட்டும் உடைச்சுப் பூசுறதுன்னு எஸ்டிமேட் போட்டது சர்வேயர். பழைய பூச்சோட சேருற இடத்தில் வலை வைக்கிறதுக்கு அதில் ஒரு வரி இருக்காது. வலை இல்லாம போட்டா மயிரிழை விரிசல் வரத்தான் செய்யும், யார் பூசினாலும் வரும். விரிசல் 1 மி.மீ.க்குள்ள நிக்குதான்னு பாருங்க. நின்னா அது தொழில் குற்றம் ஆகாது. அந்தக் கோட்டை வி மாதிரி வெட்டி, ஒட்டும் திரவம் கலந்த கலவை போட்டு அடைச்சாப் போதும். அகலமாகி, கூடவே பூச்சு விட்டு நின்னா அதுதான் குற்றம்.

ரெண்டாவது, செங்கல் சுவர் மூணரை அடி தண்ணி குடிச்சிருக்கு. பூச்சை உடைச்சு ஆறு, எட்டு வாரம் ஆற விடுறதுக்கு எந்த வீட்டுக்காரர் சம்மதிக்கிறார்? "பொங்கலுக்குள்ள முடிங்க, சொந்தக்காரங்க வாராங்க"ன்னு நிக்கிறாங்க. அவசரப்படுத்தினது யாருன்னு வாட்ஸப்பில் இருக்கும், அதுவும் நுகர்வோர் கமிஷன் முன்னால வரும். ஆனா ஒண்ணு: ஈரம்னு தெரிஞ்சே பட்டி போட்ட காண்ட்ராக்டர், "போடக்கூடாது"ன்னு எழுத்துல சொல்லியிருக்கணும். சொல்லலைன்னா பொறுப்பு அவருக்குத்தான்.

தண்ணி காட்டுறது யார் வேலைன்னு பேசினீங்களா? மெட்டீரியலோட காண்ட்ராக்ட்னா அவர் வேலை. பல இடத்தில் "நீங்க தெளிச்சுக்கிடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. போர் தண்ணி சவர்ப்பா இருந்தாலும் உப்பு பூக்கும். நாலு மூட்டைதான் போட்டாருன்னா மட்டும் நான் அவருக்குப் பேச மாட்டேன். அது திருட்டு.

ஆர்சிசிபி-யைக் கழட்டினதுக்கும் சாக்குச் சொல்ல முடியாது.


ஆத்தங்கரை வீடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கீறிப் பாத்தேன், மூணு உயரத்திலயும் ஒரே மாதிரி கொட்டுது. பாலிதீனில் ஹால் சுவர் மட்டும் ஈரம் காட்டுது, ரூம் சுவர் ரெண்டும் காய்ஞ்சிருக்கு, ஆனா அங்கயும் மணல் கொட்டுது. சிமெண்ட் 11 மூட்டைக்கு கடைச் சீட்டு போட்டோ வாட்ஸப்பில் இருக்கு. அதில் ஹால் தரை, கிச்சன் மேடை எல்லாம் சேர்த்தி. ஆர்சிசிபி புதுசு மாட்டியாச்சு, ரெண்டு சர்க்கியூட் ஓடலை, தனியா ஆஃப் பண்ணி வச்சிருக்கு. எழுத்து ஒப்பந்தம் கிடையாது, கைப்பட எழுதின எஸ்டிமேட் தாளும் வங்கி வழியா அனுப்பின பணமும்தான். இது போதுமா?


பாளை வக்கீலக்கா எழுதியது:

போதும். பத்திரத்தில் எழுதினால்தான் ஒப்பந்தம் என்பதில்லை. எஸ்டிமேட் தாள், வங்கிக் கணக்கில் போன பணம், வாட்ஸப் உரையாடல், மூன்றும் சேர்ந்தால் ஒப்பந்தம் தெளிவாக நிற்கும். வாட்ஸப் செய்திகளைத் தாளில் எடுத்தால் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அந்த போனை மாற்றாதீர்கள், செய்திகளை அழிக்காதீர்கள், முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து இன்னொரு இடத்தில் வையுங்கள்.

ரூம் சுவர் காய்ந்திருந்தும் மணல் கொட்டுகிறது என்பது உங்களுக்கு மிகவும் சாதகமான உண்மை. அதைப் போட்டோவோடு எழுதி வையுங்கள். 11 மூட்டை எல்லாவற்றுக்கும் சேர்த்து என்பதால் பூச்சுக்கு எத்தனை போயிருக்க முடியும் என்பதை நீங்கள் கணக்குப் போடாதீர்கள், பொறியாளர் போடட்டும்.

வேற ஆளை வைத்துச் செய்யலாம். ஆனால் இந்த வரிசையில்தான். முதலில் பட்டயப் பொறியாளர் (சார்ட்டர்ட் இன்ஜினியர்) ஒருவர் வந்து அளந்து, கீறி, தட்டிப் பார்த்து அறிக்கை தரட்டும். சரி செய்ய ஆகும் செலவையும் அதில் தனியாகப் போடச் சொல்லுங்கள். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி கட்டுமானத் துறையிலும் கட்டணம் கட்டிச் சோதித்துத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். எதிர்த்தரப்பு எளிதில் தள்ளிவிட முடியாத அறிக்கையாக இருக்கும். பிறகு காண்ட்ராக்டருக்கு நோட்டீஸ். அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்காமல் நீங்களே உடைத்துவிட்டால், "நான் போட்டது நல்லாத்தான் இருந்தது" என்பார், மறுக்க உங்களிடம் சுவர் இருக்காது.

நோட்டீஸை நீங்களே எழுதலாம். இப்படி:

"தாங்கள் இன்ன தேதியிட்ட எஸ்டிமேட்டின்படி ரூ.3,80,000-க்கு ஒப்புக்கொண்ட வேலையில், ரூ.2,60,000 பெற்றுக்கொண்டு செய்த பணிகளில் கீழ்க்கண்ட குறைகள் உள்ளன. ஹால் வடசுவர்: பூச்சு மணலாய் உதிர்தல், 48 சதுர அடி, படம் 1 முதல் 4. படுக்கை அறை கீழ்ச்சுவர்: மேற்படி, 40 சதுர அடி, படம் 5, 6. ஹால் தரை: 12 டைல்கள் வெற்றொலி, படம் 7. மின்பலகை: ஆர்சிசிபி அகற்றப்பட்டது, படம் 8. பொறியாளர் அறிக்கை நகல் இணைப்பு. இன்ன தேதி காலை 10 மணிக்குத் தாங்களோ தங்கள் ஆளோ நேரில் வந்து கூட்டாகப் பார்வையிடவும். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் தங்கள் செலவில் சரி செய்யத் தவறினால், வேறு ஆள் கொண்டு சரி செய்து, அச்செலவைத் தங்களுக்குத் தர வேண்டிய தொகையில் கழித்துக்கொள்வதோடு, மிச்சத்துக்குச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்."

கோபமான வார்த்தை ஒன்றும் வேண்டாம். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. சேர்ந்ததற்கான சான்று வரும்படி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, அதே நகலை வாட்ஸப்பிலும் போடுங்கள். வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் வையுங்கள்.

1,20,000-ஐ நிறுத்தி வைக்க உங்களுக்குக் காரணம் இருக்கிறது. "தரவே மாட்டேன்" என்று மட்டும் எழுதாதீர்கள், அவர் பண வசூல் வழக்குப் போட வழி அதுதான். குறை இல்லாத வேலைக்கு உரியதைக் கணக்கிட்டு, சரி செய்யும் செலவு போக மிச்சம் இருந்தால் தருவதாக எழுதுங்கள்.

15 நாள் கழிந்ததும் உடைக்கலாம். உடைக்கும் முன் மூணு சுவரிலிருந்து ஒரு சதுர அடி அளவில் பூச்சுத் துண்டை எடுத்து, தனித்தனிப் பையில் போட்டு, எந்தச் சுவர், எத்தனை அடி உயரம், தேதி எழுதி, பொறியாளர் கையெழுத்தோடு ஒட்டி வையுங்கள். முடிந்தால் சிறிய சுவர் ஒன்றை அப்படியே விட்டு வையுங்கள். நுகர்வோர் ஆணையம் வக்கீல் ஆணையரையும் பொறியாளரையும் அனுப்பினால் காட்ட ஒன்று வேண்டும்.

வழக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில். வீடு கட்டும் வேலை சேவைதான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. குறை தெரிந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், காண்ட்ராக்டர் வேறு மாவட்டக்காரராக இருந்தாலும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதிவு செய்து பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை; சில பேர் அந்த அழைப்பிலேயே இறங்கி வருவார்கள். போலீஸுக்குப் போனால் சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்புவார்கள், பணத்தை வாங்கிக்கொண்டு வேலையே தொடங்காத கதை என்றால்தான் அங்கே பேச்சு.


மட்டக்கோல் எழுதியது:

மறுபடி செய்யும்போது வரிசை இது.

ரூம் சுவர் காய்ந்திருப்பதால் அதை முதலில் எடுக்கலாம். பூச்சைச் செங்கல் தெரியும் வரை உடைத்து, இடுக்கை அரை இஞ்சு ஆழம் சுரண்டி, உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்து வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். உடைக்கும்போது மேல் ஓரத்தைக் கட்டிங் மெஷினில் நேர்கோடாக வெட்டச் சொல்லுங்கள். சேரும் கோட்டின் மேல் அரை அடி அகலத்தில் கோழிவலையை ஆணி அடித்துப் பதித்து அதன் மேல் பூச்சு. பில்டர் சொன்ன மாதிரி எஸ்டிமேட்டில் இல்லாவிட்டாலும் இதன் செலவு கொஞ்சம்தான். கலவை 1:5, பூச்சு மணல் சலித்தது, ஒரு தடவைக்கு ஒரு மூட்டைக்கு மேல் குழைக்கக் கூடாது, ஒரு மணி நேரத்தில் தீர வேண்டும்.

ஹால் சுவரை உடைத்துவிட்டு அப்படியே விடுங்கள். பாலிதீன் சோதனை இரண்டு தடவை காய்ந்து வந்தால் பூசுங்கள். பூசிய பிறகும் கீழ் நாலு அடிக்குப் பட்டியும் எமல்ஷனும் ஒரு வருஷத்துக்கு வேண்டாம். சுண்ணாம்பு அடித்து வையுங்கள். மிச்ச ஈரம் அதன் வழியே வெளியேறும், உப்பு வந்தாலும் துடைத்துவிட்டு மறுபடி அடித்துக்கொள்ளலாம். பார்க்க அழகாக இராது.

தரைக்கு, இன்சூரன்ஸ்காரர் பார்த்துவிட்டுப் போன பிறகு: டைலை எடுத்து, இளகிய மணலை அள்ளி, கிராவலை அரை அடி அரை அடியாகப் போட்டுத் தண்ணீர் விட்டுத் திமிசு போடணும். மானூர் பக்கத்துக் கரிசல் மண்ணை மலிவு என்று கொண்டுவந்து கொட்டுவார்கள். அது தண்ணீர் பட்டால் உப்பி வீங்கும், காய்ந்தால் சுருங்கும், தரைக்கு ஆகாது. மேலே ஒன்றரை இஞ்சு ஜல்லியில் 1:4:8 (சிமெண்ட், மணல், ஜல்லி) காங்கிரீட் 4 இஞ்சு. 180 சதுர அடி ஹாலுக்கு சிமெண்ட் ஆறு மூட்டை. ஒரு வாரம் தண்ணீர் நின்ற பிறகு டைல், கலவை முழுக்கப் பரப்பி.

புது ஆளுக்குப் பணம்: சாமான் இறங்கியதும் 30 சதவீதம், பூச்சு முடிந்து தண்ணீர் காட்டிய பத்தாம் நாள் கீறிப் பார்த்து 30, தரை முடிந்து தட்டிப் பார்த்து 30, மீதி 10 கார்த்திகை மழை கழிந்த பிறகு. சிமெண்ட் காலிச் சாக்கை எறியாமல் எண்ணி அடுக்கி வைக்கச் சொல்லுங்கள். வேலை ஆரம்பிக்கும் முன்னே இதைச் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை வராது. கடைச் சீட்டில் பூச்சுக்கு, தரைக்கு என்று தனித்தனியாகப் போட்டு வாங்குங்கள், இந்தத் தடவை 11 மூட்டையில் எது எங்கே போனது என்று தெரியாமல் நிற்க வேண்டாம்.